முடிந்த பக்கமும் அது வந்த வழியும்: பட்டப்பின் ஆய்வில் செயற்கை நுண்ணறிவை மேற்பார்வை செய்தல்

கொழும்பில் முதுமாணி படிக்கும் தமிழ் மாணவர்களில் பெரும்பகுதியினர் வாரநாட்களில் பாடசாலையிலோ வங்கியிலோ அமைச்சிலோ வேலை பார்ப்பவர்கள். சனி, ஞாயிறு விரிவுரை. ஆய்வேட்டைத் திறப்பது பிள்ளைகள் படுத்த பிறகு, இரவு பத்து மணிக்கு. வாசிப்பது ஆங்கிலத்தில், நேர்காணல் தமிழிலும் சிங்களத்திலும், எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மறுபடி ஆங்கிலத்தில். இந்த மும்மொழி ஓட்டத்துக்கு நடுவே 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடியும், பின்னால் வந்த ஜெமினி, கிளாட் வகையறாக்களும் சம்பளமில்லாத உதவியாளர்களாக வந்து உட்கார்ந்துவிட்டன. "அதைப் பாவிக்கக் கூடாது" என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னால், மாணவர் பாவிப்பது நிற்காது. பாவித்ததைச் சொல்வது நின்றுவிடும்.

மேற்பார்வையின் வேலை இப்போது இடம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஓர் அத்தியாயத்தை வாசித்தாலே மாணவர் எவ்வளவு வாசித்தார், எங்கே தடுமாறினார் என்று நடையிலும் வாதத்திலும் தெரிந்துவிடும். தடுமாற்றமே ஒரு தகவல்தான். இன்றைக்கு வழவழப்பாக வந்து சேரும் பக்கம் எதற்கும் சாட்சியாகாது. அது எந்த வழியால் வந்தது என்பதைக் கேட்டுப் பார்ப்பதுதான் மேற்பார்வை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளை எங்கே, எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியது.

பிடிக்கும் கருவியால் பிடிபடாதது

முதலில் ஒரு குறுக்குவழியை மூடிவிடுவோம். எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருட்களை நம்பி ஒரு மாணவர்மீது குற்றஞ்சாட்ட முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 வீதத்தை மட்டுமே அது சரியாக இனங்கண்டது; மனிதர் எழுதியதில் 9 வீதத்தை இயந்திரத்தின் வேலை என்றது. துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டில் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். மனிதர் கைப்பட எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 வீதத்தை அந்தக் கருவிகள் இயந்திரம் எழுதியதாகச் சொல்லின. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களையும் பாதுகாப்பான வாக்கிய அமைப்பையும் பயன்படுத்துவார். அடுத்த சொல்லை ஊகிக்க முடிகிற எழுத்தைத்தான் கருவி சந்தேகிக்கிறது. நம் மாணவர்கள் எழுதும் ஆங்கிலம் பெரும்பாலும் இந்த வகைதான்.

எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் டேர்னிட்டின் என்ற மென்பொருளின் அறிக்கையில் இரண்டு எண்கள் வரலாம். ஒன்று, ஏற்கெனவே வெளியான எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது. மற்றது, 2023 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மதிப்பீடு. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒப்புமை 18 வீதம் என்று வந்ததைப் பார்த்து "18 வீதம் சாட்ஜிபிடி" என்று பேசுவது பீடக் கூட்டங்களில் கேட்கிற தவறு. இரண்டாவது எண் 20 வீதத்துக்குக் குறைந்தால் நம்பகம் போதாதென்று அந்த நிறுவனமே எண்ணைக் காட்டாமல் விடுகிறது. மதிப்பீடு ஆங்கிலத்தை வைத்துத் தொடங்கப்பட்டது. தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்கு அதை ஆதாரமாக எடுக்க முடியாது.

தமிழில் வேறொரு அடையாளம் உண்டென்று சில பரீட்சகர்கள் நினைக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் தமிழில் தமிழ்நாட்டு எழுத்தே அதிகம் என்பதால், இயந்திரம் எழுதிய பந்தியில் அரசாங்க அதிபர் "மாவட்ட ஆட்சியர்" ஆவார், கலாநிதி "முனைவர்" ஆவார், உயர்தரம் "மேல்நிலை வகுப்பு" ஆகும். கம்பஹா மாவட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஆட்சியர் வந்தால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் சென்னைப் பதிப்பு நூல்களை வாசித்தே வளர்ந்த மாணவரும் அப்படி எழுதலாம். அது கேள்வி கேட்கத் தூண்டலாம், தீர்ப்புக்குப் போதாது.

முதல் சந்திப்பில் ஒரு பக்கம்

ஆய்வு முன்மொழிவு எழுதத் தொடங்கும் முன்பே, மேற்பார்வையாளரும் மாணவரும் ஒரு பக்கத்துக்கு மிகாத இணக்கக் குறிப்பொன்றை எழுதிக் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. பீடத்தின் விதி, நிதி கொடுத்த நிறுவனத்தின் விதி, கட்டுரை அனுப்பப்போகும் சஞ்சிகையின் விதி ஆகிய மூன்றில் எது கடுமையோ அதுவே இந்தக் குறிப்பின் எல்லை. "பொறுப்புடன் பயன்படுத்துவேன்" என்ற வாசகத்தை எழுதாதீர்கள். அதற்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. வேலை வேலையாகப் பிரித்து எழுதுங்கள்.

கேட்காமலே செய்யக்கூடியவை: சொற்பொருள் கேட்பது, தேடலுக்கான சொற்களை விரிப்பது, தான் எழுதிய பந்தியில் இலக்கணப் பிழையைக் குறிக்கச் சொல்வது, மென்பொருள் கட்டளையில் வரும் பிழைச் செய்தியை விளக்கச் சொல்வது. கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியவை: நேர்காணலை மொழிபெயர்ப்பது, எழுத்தாக்குவது, குறியிடுவது (பகுதி பகுதியாகப் பிரித்துக் கருப்பொருள் பெயரிடுவது), புள்ளிவிபரக் கட்டளை எழுதுவிப்பது. செய்யவே கூடாதவை: ஆய்வுக் கேள்வியையும் முடிவுரையையும் எழுதுவிப்பது, தரவை உருவாக்குவது, வாசிக்காத கட்டுரையின் சுருக்கத்தை வாசித்ததுபோல் சேர்ப்பது, பங்கேற்பாளரின் அடையாளம் தெரியும் எதையும் வெளிச் சேவைக்கு அனுப்புவது.

இந்தக் குறிப்பு ஒருமுறை எழுதி மறக்கும் பத்திரம் ஆகிவிடக் கூடாது. ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதும், களத்துக்குப் போகும் முன்பும், முதல் முழு வரைவு வந்ததும் திருத்துங்கள். கருவிகள் ஆறு மாதத்துக்கொரு முறை உருமாறுகின்றன. பகுதிநேர ஆய்வேடு இரண்டு, மூன்று ஆண்டுகள் இழுபடும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் 9ஆம் மட்டத்தில் பாடநெறி முதுமாணி செய்பவருக்கும் 12ஆம் மட்டத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்பவருக்கும் ஒரே குறிப்பு பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னவர் ஒரு முறையியலைப் பழகுகிறார். பின்னவர் புதிதாக ஒன்றைச் சொல்லப்போகிறார், அந்தப் புதிதை இயந்திரத்திடம் கடன் வாங்க இயலாது.

சர்வதேச விதிகளைப் பொறுத்தவரை அதிகம் குழம்பத் தேவையில்லை. வெளியீட்டு ஒழுக்கவியல் குழுவான கோப் 2023 பெப்ரவரியிலும், மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023 மே மாதத்திலும் ஒரே நிலைப்பாட்டை எடுத்தன: செயற்கை நுண்ணறிவு ஆசிரியராக இருக்க முடியாது, ஏனெனில் எழுத்துக்கு அதனால் பொறுப்பேற்க முடியாது, பயன்படுத்தியிருந்தால் வெளிப்படுத்த வேண்டும். யுனெஸ்கோவின் வழிகாட்டி 2023 செப்டெம்பரிலும் ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு வழிகாட்டி 2024 மார்ச்சிலும் வந்தன. இவற்றைப் பீடத்தின் விதிக்கு அடித்தளமாக எடுக்கலாம்.

இல்லாத கட்டுரை எப்படி இருக்கும்

கற்பனை உசாத்துணைகளை ஒருமுறை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மலையகப் பாடசாலைகளில் இடைவிலகல் பற்றி ஆராயும் ஒரு மாணவருக்கு இயந்திரம் ஓர் உசாத்துணை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பெயர் இந்தத் துறையில் உண்மையாகவே எழுதுபவருடையது. சஞ்சிகையும் உண்மையானது. ஆண்டும் தொகுதி இலக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பக்கம் 211 முதல் 229. தலைப்போ மாணவரின் ஆய்வுத் தலைப்போடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அந்தக் கடைசிப் பொருத்தத்தில்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். உலகத்தில் யாரும் நம் தலைப்புக்கு அளவெடுத்துக் கட்டுரை எழுதி வைப்பதில்லை.

இயந்திரம் நூலகப் பட்டியலைப் பார்த்துச் சொல்வதில்லை. இந்த இடத்தில் எந்தச் சொல் வருவது இயல்பு என்று கணித்துச் சொல்கிறது. பெயர், ஆண்டு, சஞ்சிகை எல்லாம் வருவது இயல்பு, ஆகவே வருகின்றன. 2023இல் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வொன்றில், பழைய ஜிபிடி 3.5 தந்த உசாத்துணைகளில் 55 வீதமும் ஜிபிடி 4 தந்தவற்றில் 18 வீதமும் இல்லாத கட்டுரைகளாக இருந்தன. இருக்கிற கட்டுரைகளிலும் முறையே 43, 24 வீதமானவற்றில் கணிசமான பிழைகள். இப்போதைய கருவிகள் இணையத்தைத் தேடிவிட்டுப் பதில் சொல்வதால் முழுக் கற்பனை குறைந்திருக்கிறது. ஆனால் பிழை வேறு உருவம் எடுத்திருக்கிறது: கட்டுரை இருக்கும், அது சொன்னதாகச் சொல்லப்படும் முடிவு அதில் இருக்காது. இது முன்னதைவிட ஆபத்தானது, ஏனெனில் தலைப்பைத் தேடினால் கட்டுரை வந்துவிடும். மாணவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

சோதனைக்கு அதிக நேரம் வேண்டாம். தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுள் ஸ்கொலரில் தேடுவது. கட்டுரைக்கு இணையத்தில் நிரந்தர அடையாளமாகத் தரப்படும் டி.ஓ.ஐ. இலக்கத்தைத் திறந்து அது இதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பார்ப்பது (இலக்கம் உண்மையாக இருந்து வேறு கட்டுரைக்குப் போவதும் உண்டு). சஞ்சிகையின் சொந்தத் தளத்தில் அந்தத் தொகுதியின் உள்ளடக்கப் பக்கத்தைப் பார்ப்பது. கடைசியாகக் கட்டுரையைத் திறந்து, மேற்கோள் காட்டிய கருத்து எந்தப் பக்கத்தில் எந்த வாக்கியமாக இருக்கிறதென்று கண்டுபிடிப்பது. நான்காவதைச் செய்யாவிட்டால் முதல் மூன்றும் வீண்.

மேற்பார்வையாளரின் பக்கத்தில் ஒரு விதி போதும். கட்டுரையின் கோப்போ புத்தகப் பக்கத்தின் புகைப்படமோ கையில் இல்லாமல் எதுவும் உசாத்துணைகளைச் சேமிக்கும் ஸோட்டேரோ மென்பொருளுக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு அத்தியாயச் சந்திப்பிலும் உசாத்துணைப் பட்டியலில் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, "இதைத் திறந்து அந்த வரியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஐந்தில் ஒன்று திறக்காவிட்டாலும் அத்தியாயம் முழுவதும் திரும்பிப் போக வேண்டும். கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். இரண்டாவது சந்திப்புக்குள் பட்டியல் தானாகச் சுத்தமாகிவிடும்.

இங்கே நம் துறைகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தேடலில் வராததெல்லாம் பொய் அல்ல. உள்ளூர்த் தமிழ்ச் சஞ்சிகைகள் பலவற்றுக்கு டி.ஓ.ஐ. கிடையாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் தளத்தில் இருக்கும் பழைய மலர்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள். தேடுபொறிக்கு அவற்றின் உள்ளே இருக்கும் எழுத்து சரியாகத் தெரியாது. கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் கோப்புகள் எந்த இயந்திரத்தின் பயிற்சித் தரவிலும் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே இயந்திரத்தை மட்டும் நம்பி எழுதும் இலக்கிய மீளாய்வு, இலங்கைத் தமிழ்ச் சமூகத்தைப் பற்றியதாக இருந்தாலும், ஆங்கிலத்தில் எழுதியவர்களின் கண்ணால் பார்த்ததாகவே முடியும். யுத்தமும் சமாதானமும் பக்கம் பக்கமாக வரும். கொட்டாஞ்சேனைத் தமிழ்க் குடும்பத்தின் வாடகை வீட்டுப் பிரச்சினை வராது. தேடல் சொற்களை இயந்திரத்திடம் கேட்கலாம். அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு நூலகம் தளம், இலங்கைச் சஞ்சிகைகள் இணையத் தொகுப்பு, பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டு அலுமாரி என்று மாணவரே நடக்க வேண்டும்.

பெயர்களையும் கவனியுங்கள். நம் பெயரில் முன்னால் வரும் முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயருக்குரியது. மேற்கத்தியப் பாணியில் குடும்பப் பெயர் என்று ஒன்று பலருக்குக் கிடையாது. மென்பொருளும் இயந்திரமும் தலைகீழாக்கித் தந்தையை ஆசிரியராக்கிவிடும்.

தோட்டத்துப் பேச்சும் சம்மதப் பத்திரமும்

அதிகச் சேதம் நடப்பது நேர்காணல் தரவில். பழைய சம்மதப் பத்திரங்களில் ஒரு வரி இருக்கும்: "இந்த ஒலிப்பதிவை ஆய்வாளரும் மேற்பார்வையாளரும் மட்டுமே கேட்பர்." அந்தப் பதிவையோ அதன் எழுத்துவடிவையோ இலவசச் சேவை ஒன்றில் ஒட்டிய கணத்தில் அந்த வாக்குறுதி உடைந்துவிட்டது. பல இலவசச் சேவைகளில், சேவையின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) நிறுத்தாவிட்டால், உரையாடல்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றப் பயன்படலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன மூலம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம் போன்றவற்றை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. நாட்டுக்கு வெளியே தரவு போவதற்கும் அதில் ஏற்பாடுகள் உண்டு. தமிழ்ச் சமூகத்தில் சமூகவியல் ஆய்வு செய்யும் எவருடைய தரவும் இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றில் விழும்.

பெயரை நீக்கிவிட்டால் போதுமென்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சமூகம் சிறியது. "வெள்ளவத்தைப் பக்கத்துத் தமிழ் மொழிமூலப் பாடசாலை, பெண் அதிபர், ஐம்பதுகளில், மட்டக்களப்பைச் சேர்ந்தவர்" என்று எழுதினால் பெயர் எதற்கு? இடம், பதவி, வயது, ஊர், மதம் ஆகியவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் ஆள் தெரிந்துவிடுகிறதா என்று மாணவர் ஒவ்வொரு நேர்காணலிலும் பார்த்து, தெரிந்தால் ஒன்றைப் பொதுமைப்படுத்த வேண்டும். சம்மதப் பத்திரத்தில் புதிதாக ஒரு பந்தி சேர்க்க வேண்டும்: எந்த வகை மென்பொருள், எந்த வேலைக்கு, பதிவு கணினியை விட்டு வெளியே போகுமா இல்லையா, வேண்டாமென்றால் எப்படி மறுப்பது. பங்கேற்பாளர் வாசிக்கும் மொழியில், பேச்சுக்கு அண்மையான வாக்கியங்களில்.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவதற்கு விஸ்பர் போன்ற மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே, இணையத் தொடர்பில்லாமல் இயக்கலாம். தரவு வெளியே போகாது என்பதால் இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும். ஆனால் விஸ்பர் யாரும் பேசாததையும் எழுதும். 2024இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆங்கிலப் பதிவுத் துண்டுகளில் ஏறத்தாழ 1 வீதத்தில் முழுச் சொற்றொடர்களையே அது கற்பனையாகச் சேர்த்ததைக் காட்டியது. நீண்ட மௌனம் உள்ள பேச்சில் இது கூடுதல். அதுவும் ஆங்கிலத்தில். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் கொழும்புப் பேச்சில் கவனம் இன்னும் வேண்டும். மௌனம் வரும் இடங்களை எல்லாம் திரும்பக் கேட்க வேண்டும். ஆய்வேட்டில் மேற்கோளாகப் போகும் ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அழுகைக்கு முன்னும் பின்னும் வரும் மௌனத்தில் இயந்திரம் ஏதாவது இட்டு நிரப்பியிருந்தால், அது தரவுப் பிழை என்பதோடு நிற்காது.

மொழிபெயர்ப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரி. தோட்டத் தொழிலாளி ஒருவர் சொல்கிறார்: "கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க." தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. நிர்ணயித்த கிலோ பறிக்காவிட்டால் அரை நாள் சம்பளம்தான் எழுதப்படும், அதுதான் அரைப்பேர். இயந்திரம் இதை ஆங்கிலமாக்கும்போது "கொழுந்து குறைந்தால் பாதிப் பேரைத்தான் வேலைக்கு வைப்பார்கள்" என்ற பொருளில் தரக்கூடும். வாக்கியம் சுத்தமாக இருக்கும். இலக்கணம் சரி, தர்க்கமும் சரி. சம்பள வெட்டு வேலையிழப்பாக மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆங்கில வரைவை மட்டும் வாசிக்கும் மேற்பார்வையாளருக்கு இது ஒருநாளும் தெரியவராது. ஆகவே மூலத் தமிழ் வரியும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும் அட்டவணையை மாணவர் தர வேண்டும். துறைச் சொற்கள், வட்டாரச் சொற்களுக்குத் தனிச் சொற்பட்டியல் வேண்டும்: கணக்கப்பிள்ளை, லயம், கைக்காசு, பெரட்டு. மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலை மாணவர் எழுத வேண்டும்.

இன்னுமொரு சின்ன விடயம், ஆனால் அடிக்கடி நடப்பது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த நேர்காணலை அப்படியே ஒட்டினால் இயந்திரத்துக்குப் போவது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் குவியல். அதைப் புரியவில்லை என்று சொல்லாமல், ஊகித்து ஓர் அழகான சுருக்கத்தைத் தந்துவிடவும் கூடும். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

குறியிடலுக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தப் போகிறவர் முதல் மூன்று நேர்காணல்களைக் கையால் குறியிட்டு, குறிகளின் பட்டியலை எழுதி முடித்திருக்க வேண்டும். பிறகு இயந்திரத்தின் கருப்பொருள்களோடு ஒப்பிடலாம். "சவால்கள்", "வாய்ப்புகள்", "ஆதரவின் தேவை" என்று எந்த ஊருக்கும் பொருந்தும் மூன்று தலைப்புகள் வந்தால் அதிலிருந்து எடுக்க எதுவுமில்லை. இயந்திரம் மேற்கோள் குறிக்குள் தரும் வரிகளை மூலக் கோப்பில் தேடிப் பார்க்க வேண்டும். மேற்கோள் குறியை வைத்துக்கொண்டே உள்ளே இருக்கும் சொற்களை மாற்றிவிடும்.

மெருகேற்றும்போது மாறும் பொருள்

ஆங்கிலத்தைத் திருத்துவிப்பதில் தவறில்லை. இதுவரை பணம் கொடுத்துத் திருத்துவித்தவர்கள் பலர்; வசதியில்லாதவருக்கு இது கொஞ்சம் சமநிலை தருகிறது. ஆனால் "இதை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தா" என்று கேட்பதும் "பிழைகளை மட்டும் குறித்து ஏன் பிழை என்று சொல்" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதில் தயக்கச் சொற்கள் காணாமல் போகும். "தொடர்பு காணப்பட்டது" என்பது "தாக்கம் செலுத்தியது" ஆகும். "சில பெற்றோர்" என்பது "பெற்றோர்" ஆகும். வேர்டின் ஒப்பிடும் வசதியில் பழையதையும் புதியதையும் வைத்து, மாறிய ஒவ்வொரு வினைச்சொல்லையும் பார்த்தால் பிடித்துவிடலாம்.

எண்களில் நடக்கும் பிழை இதைவிட மௌனமானது. 120 பேரிடம் வினாக்கொத்து, ஐந்து புள்ளி இலிக்கெட் அளவுத்திட்டம் (விடைகள் 1 முதல் 5 வரை). ஒரு கேள்விக்கு ஆறு பேர் விடையளிக்கவில்லை. அவர்களுக்கு 99 என்று குறியிட்டிருக்கிறது. மீதி 114 பேரின் இடை (சராசரி) 3.2. இயந்திரம் எழுதித் தந்த கட்டளை அந்த 99ஐ விடையாக எடுத்துக்கொண்டால் இடை 7.99 என்று வரும். ஐந்துக்கு மேல் போனதால் உடனே தெரிந்துவிடும். ஆனால் விடுபட்டதற்கு 9 என்று குறியிட்டிருந்தால்? இடை 3.49. அளவுக்குள்தான் இருக்கிறது, நம்பும்படியும் இருக்கிறது, முடிவு மட்டும் பிழை. ஆகவே எந்தக் கட்டளையையும் முதலில் பத்து வரிசைத் தரவில் ஓடவிட்டு, விடையைக் கையால் கணித்து ஒப்பிட வேண்டும். கட்டளையின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறதென்று மாணவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டளை ஆய்வேட்டுக்குள் வரக் கூடாது.

எழுதி வைப்பதும் வெளிப்படுத்துவதும்

இதற்கெல்லாம் ஆதாரமாக ஒரு பதிவேடு. திகதி, கருவியும் பதிப்பும், நோக்கம், கொடுத்தது, எடுத்தது, சரிபார்த்த விதம் என்று ஆறு பத்திகள் போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "ஜூன் 14. சாட்ஜிபிடி, கட்டணப் பதிப்பு. மூன்றாம் அத்தியாயத்தின் மாதிரியெடுப்புப் பந்தியில் இலக்கணம். என் 180 சொற் பந்தியைக் கொடுத்தேன், தரவு இல்லை. 11 திருத்தங்களில் 7ஐ ஏற்றேன். ‘எழுமாற்று’ என்று மாற்றச் சொன்னதை ஏற்கவில்லை, என் மாதிரி எழுமாற்றானதல்ல, எளிதில் கிடைத்தவர்களை எடுத்த வசதி மாதிரி." இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே பதிவேடு வேண்டும். ஏற்காததை எழுதியவர் வாசித்திருக்கிறார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பதிவேட்டைக் கண்டால் அடுத்த சந்திப்பில் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்.

வரைவுகளைத் திகதியிட்டுத் தனித்தனியாகச் சேமிப்பதும், கூகுள் டொக்ஸ் போன்றவற்றின் பதிப்பு வரலாற்றை அழிக்காமல் வைப்பதும் மாணவரைப் பாதுகாக்கும். பிழையாகக் குற்றஞ்சாட்டப்பட்டால் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

வெளிப்படுத்தல் கூற்று ஆய்வேட்டின் முன்பக்கங்களில் வரலாம், முறையியல் சார்ந்த பயன்பாடு முறையியல் அத்தியாயத்திலும் வர வேண்டும். "மொழித் திருத்தத்துக்குச் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி எதையும் சொல்லவில்லை. "இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களில் இலக்கணப் பிழைகளைக் குறிப்பதற்குச் சாட்ஜிபிடி பயன்படுத்தப்பட்டது. 18 நேர்காணல்களின் எழுத்தாக்கத்துக்கு விஸ்பர் ஆய்வாளரின் கணினியில் இயக்கப்பட்டது. எல்லாப் பதிவுகளும் ஆய்வாளரால் மீளக் கேட்டுத் திருத்தப்பட்டன. பகுப்பாய்வும் முடிவுகளும் ஆய்வாளருடையவை. பயன்பாட்டுப் பதிவேடு மேற்பார்வையாளரிடம் உள்ளது." இப்படி இருந்தால் வைவா எனும் வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் எங்கே கேள்வி கேட்பதென்று அறிவார்.

பிழை கண்டால்

பதிவேட்டுக்கும் அத்தியாயத்துக்கும் ஒத்துவராவிட்டால் உடனே ஒழுக்காற்றுக் குழுவுக்கு எழுத வேண்டியதில்லை. முதலில் நேரில் கூப்பிட்டு, மடிக்கணினியை மூடிவைத்து, அந்தப் பகுதியை வாயால் விளக்கச் சொல்லுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ, மாணவருக்கு வசதியான மொழியில். ஆங்கிலத்தில் திக்குபவர் தமிழில் தெளிவாக விளக்கிவிடுவதுண்டு. அப்படியானால் பிரச்சினை மொழியில் இருக்கிறது, நேர்மையில் இல்லை. எந்த மொழியிலும் விளக்க முடியாவிட்டால் அந்தப் பகுதியை நீக்கித் திரும்ப எழுதவைக்கலாம். கற்பனைத் தரவும், உடைந்த சம்மதமும் வேறு. அவற்றை மேற்பார்வையாளர் தனக்குள் முடித்துக்கொள்ள அதிகாரமில்லை, பீடத்துக்கும் ஒழுக்கவியல் குழுவுக்கும் தெரிவித்தே ஆக வேண்டும்.

மாணவருக்கு இவ்வளவு விதி வைத்துவிட்டு, ஆய்வேட்டைச் சாட்ஜிபிடியில் ஏற்றி பரீட்சகர் அறிக்கை எழுதுவிப்பது எந்த வகையில் நியாயம்? வெளிவராத ஆய்வேடு மாணவரின் சொத்து, உள்ளே பங்கேற்பாளர்களின் குரலும் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி விண்ணப்பங்களின் மதிப்பீட்டில் இதை 2023 ஜூனிலேயே தடைசெய்தன. இரகசியம் காக்கும் கடமை மீறப்படுகிறது என்பதே காரணம். இங்கேயும் பரீட்சகருக்கு அனுப்பும் நியமனக் கடிதத்தில், ஆய்வேட்டின் எந்தப் பகுதியையும் வெளிச் சேவைகளில் பதிவேற்றுவதில்லை என்ற ஒரு வரியைச் சேர்த்து, கையொப்பத்துக்கு ஓர் இடம் விட்டால் போதும். பீடச் செயலகத்துக்கு அது ஒரு பின்னேர வேலை.